மாரிமுத்துவின் டீசல் எங்கே போனது?

போன மாதம் கார்த்திக் போனில் பேசினார். நான் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த சோதனைப் பிரிவுக்கு இப்போது அவர்தான் தலைவர்.

"மேடம், பழைய சண்டை திரும்ப வந்திடுச்சு!"

"எந்தச் சண்டை?"

"டயர் சண்டைதான். பேட்டரியில ஓடற ஃபோர்வீல் ஒண்ணு தயாராகுது. பார்க்க கம்பீரமா இருக்கணும்னு டயரைப் பெரிசாக்கினாங்க. ஒரு சார்ஜுக்கு ஓடற தூரம் சர்ருன்னு இறங்கிடுச்சு. எல்லாரும் பேட்டரியைத் திட்டறாங்க. முதல்ல ஆக்சிலைப் பாருங்கன்னு நான் கத்திட்டிருக்கேன். அந்த ஆஸ்பத்திரி வண்டி விஷயத்தை எழுதிக் கொடுங்களேன். நாலு வரி போதும்."

நாலு வரியில் அடங்குகிற விஷயமா அது! போனை வைத்ததும் கீழ்க்கட்டளையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஆறு வாரம் மட்டும் எனக்கு ஒரு நாள் விடாமல் நினைவிருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் எஸ்தர். அப்பா பல்லாவரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஆட்டோமொபைல் டிப்ளமோவில் சேர்ந்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்து, தாம்பரம் முடிச்சூர் சாலையில் இருந்த கம்பெனியின் சோதனை ஷெட்டில் சேர்ந்தேன். பெண்பிள்ளைக்கு ஏன் கிரீஸ் வேலை என்று கையில் ஒரு ரெஜிஸ்டரைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் அளந்து சொல்லும் எண்களை எழுத வேண்டியதுதான் வேலை. இரண்டு வருஷம் அப்படிப் போனது. மூன்றாவது வருஷம் வரதராஜன் சார் பிரிவுக்குப் பொறுப்பேற்று வந்தார். வந்த முதல் வாரமே என் நாற்காலிக்கு வேலை போய்விட்டது.

வரதராஜன் சார் ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே மூன்று மடிப்பு மடித்திருப்பார். பேன்ட் பையில் எப்போதும் தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று இருக்கும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் ஒரே கேள்விதான் வரும்: "யார் அளந்தா?" 'கேட்லாக்கில் இருக்கு சார்' என்று பதில் வந்தால் போதும், கையைக் காதில் குவித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமே விழாதவர் போல நிற்பார். சொன்னவர் போய் அளந்துகொண்டு வரும்வரை அந்தக் கை இறங்காது.

ஒரு நாள் என்னிடம் ஒரு டயரைக் காட்டி, "இது ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும்?" என்றார். நான் ஸ்கேலை வைத்து விட்டத்தை அளந்து, மூன்று புள்ளி ஒன்று நாலால் பெருக்கிச் சொன்னேன்.

"வண்டியில மாட்டி, ஆளை ஏத்தி, உருட்டிப் பாரும்மா."

டயரின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. காற்று சரியான அளவு. உள்ளே வழக்கமான எடைக்கு மணல் மூட்டைகள். வண்டியை மெதுவாகத் தள்ளி, சாக்பீஸ் கோடு பத்து முறை தரையைத் தொடும்வரை எண்ண வேண்டும். பிறகு டேப்பால் அளந்து பத்தால் வகுக்க வேண்டும். நான் கணக்குப் போட்டுச் சொன்னதைவிட ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு விரல்கடை குறைந்தது. பாரத்தில் டயர் நசுங்குகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல! எழுதுகிற எண்ணுக்கும் ஓடுகிற எண்ணுக்கும் நடுவில் ஒரு பொய் இருந்தது. அதை நானே என் கையால் பிடித்திருந்தேன்.

இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சான ஆக்சிலில் இருக்கும் பல்சக்கர ஜோடியை மெக்கானிக்குகள் கிரவுன் பினியன் என்பார்கள். அதைத் திறந்து பார்க்காமலே அதன் விகிதத்தைக் கண்டுபிடிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வண்டியை நியூட்ரலில் வைத்து ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். மறுபக்கச் சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதற்குள், வண்டிக்கு அடியில் எஞ்சினிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீள ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. அந்த எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், எஞ்சினும் அதிகம் சுற்றும். சிறியதாக இருந்தால் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், இழுவை குறையும். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி ஆஸ்பத்திரி விஷயம்.

வடக்கே ஒரு மலை. அதன் மேல் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், இன்றும் நன்றாக நடக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் எங்கள் ஃபோர்வீல் வண்டிகள் ஆறு அவர்களிடம் இருந்தன. பாதையில் கல் இடிக்கிறது, பெரிய டயர் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் விற்பனைப் பிரிவு உடனே மாட்டிக் கொடுத்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஏழே முக்கால்தான் கொடுக்கிறது, ஓட்டுநர்கள் டீசலை விற்பதாகச் சந்தேகப்படுகிறோம், வண்டியில் கோளாறு இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் போலீசில் புகார் கொடுக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

வரதராஜன் சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "கோளாறு இல்லைன்னு எழுதறதுக்கு நான் யாரு? வண்டியை வரச் சொல்லு" என்றார்.

வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் மாரிமுத்து. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். பதினெட்டு வருஷம் அந்த மலையில் ஓட்டியவர். பக்கத்து இருக்கையில் ஆஸ்பத்திரி நிர்வாகி ஆல்பர்ட். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

"இவன்தான் சீனியர். இவன் ஒழுங்கா இருந்தா மத்தவங்க ஒழுங்கா இருப்பாங்க. ஒரு மாசமா வண்டியைத் தொட விடல. தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கான்" என்று மாரிமுத்துவின் எதிரிலேயே சொன்னார்.

மாரிமுத்து தலை நிமிரவில்லை. நான் பதிவுக்காகப் பெயர், அனுபவம் எல்லாம் கேட்டு எழுதியபோது மெதுவாகச் சொன்னார்: "நான் எடுக்கலீங்க மேடம். எனக்கு ஒண்ணுதான் புரியல. அடிவாரத்துலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு நாப்பத்து மூணு மைல்கல்லு. பதினெட்டு வருசமா எண்ணுறேன். இப்ப மீட்டர் முப்பத்தொம்பதுதான் காட்டுது. சொன்னா, கல்லை எண்ணாத ரோட்டைப் பாருன்றாங்க."

என் பேனா நின்றது. ஊரில் எல்லோரும் கிலோமீட்டர் கல்லை மைல்கல் என்றுதான் சொல்வார்கள். அவர் சொல்வது நாற்பத்து மூன்று கிலோமீட்டர். மீட்டர் காட்டுவது முப்பத்தொன்பது. நாலு கிலோமீட்டர் எங்கே போயிற்று?

அப்படியே எழுந்து ஓடினேன். சாக்பீஸ், டேப், மணல் மூட்டை. பழைய டயர் ஜோடி ஒன்று ஸ்டோரில் இருந்தது. அதையும் உருட்டினேன், புதியதையும் உருட்டினேன். பழையது ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் பதினைந்து சென்டிமீட்டர். புதியது இரண்டு மீட்டர் முப்பத்தெட்டு.

மீட்டருக்குக் கண் கிடையாது. அடியில் சுற்றும் ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணி, இத்தனை சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று பழைய டயர்க் கணக்கிலேயே காட்டிக்கொண்டிருந்தது. பெரிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாண் கூடவே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாண் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

முப்பத்தொன்பதை இந்த விகிதத்தால் பெருக்கினேன். நாற்பத்து மூன்று!

"சார்! கல்லு சரி சார்! மீட்டர்தான் தப்பு!" என்று ஷெட்டின் இந்த முனையிலிருந்து கத்தினேன். வரதராஜன் சார் வந்து தன் டேப்பால் ஒருமுறை அளந்தார். தலையை மட்டும் ஆட்டினார். மாரிமுத்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆல்பர்ட் அசரவில்லை. கணக்கு தெரிந்தவர். தன் நோட்டில் தானே போட்டுப் பார்த்தார். "சரி. ஏழே முக்கால்னு காட்டினது உண்மையில எட்டரை. ஒத்துக்கறேன். பத்துல எட்டரை போனா இன்னும் ஒண்ணரை குறையுதே. அது யார் வீட்டுக்குப் போச்சு?"

கேள்வி நியாயமானது. மாரிமுத்துவின் முகம் மறுபடி இறங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பாதிக் கிணறு தாண்டி நிற்கிறோம்.

அன்று மதியமே திரிசூலம் பக்கம் ஒரு பழைய கல்குவாரிக்குப் போனோம். ஏற்றச் சோதனைக்கு எங்கள் பிரிவு அதைத்தான் வைத்திருந்தது. மாரிமுத்து ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரிவில் மூன்றாவது கியரில் ஏறத் தொடங்கியதும் வண்டி திணறியது. காலை முழுக்க அமுக்கினார், பின்னால் கறுப்புப் புகை. இரண்டாவதுக்கு மாற்றினார், எஞ்சின் அலறியது.

"முன்னெல்லாம் இந்த மாதிரி ஏத்தத்துல மூணாவதுலேயே சும்மா போவும் மேடம். இப்ப மூணாவதுல மூச்சு வாங்குது, ரெண்டாவதுல கத்துது. நடுவுல ஒரு கியரு இருந்தா நல்லா இருக்கும்."

அந்த நடுக் கியர்தான் விடை! டயர் பெரிதானதும் எஞ்சின் இழுக்க வேண்டிய நெம்புகோல் நீண்டுவிட்டது. அதை ஈடுகட்ட ஆக்சில் ரேஷியோவை உயர்த்த வேண்டும்.

மறுநாள் கூட்டம். விற்பனைப் பிரிவு அதிகாரி ஒருவர் சிரித்தார். "ரேஷியோவை உயர்த்தினா எஞ்சின் அதிகம் சுத்தும். அதிகம் சுத்தினா அதிகம் டீசல். டிப்ளமோ முதல் வருஷப் பாடம் இது. மைலேஜ் குறையுதுன்னா இன்னும் குறைச்சலான ரேஷியோ போடணும்."

வரதராஜன் சார் கையைக் காதில் குவித்துக்கொண்டார்.

வண்டியில் இருந்தது மூன்று புள்ளி ஏழு மூன்று. ஸ்டோரில் நாலு புள்ளி ஒன்று பூஜ்யமும், நாலு புள்ளி ஐந்து ஆறும் இருந்தன. டயர் எவ்வளவு பெரிதாயிற்றோ அவ்வளவு ரேஷியோவை உயர்த்தினால் நாலு புள்ளி ஒன்று வருகிறது. அதுதான் சரியானது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சார் சொன்னார்: "மூணையும் போட்டு ஓட்டு. காகிதத்துக்கு மலை ஏறத் தெரியாது."

மூன்று வாரம் ஓட்டினோம். சமவெளிக்கு வண்டலூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் வரை, போக வர. ஏற்றத்துக்குக் குவாரி. ஒவ்வொரு ரேஷியோவுக்கும் மூன்று முறை. ஒரே ஓட்டுநர் மாரிமுத்து, ஒரே மூட்டைகள், தினமும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றுச் சோதனை. வண்டியின் டேங்கை நம்பக் கூடாது என்று, இருக்கைக்குப் பின்னால் பன்னிரண்டு லிட்டர் பித்தளை கேன் ஒன்றைக் கட்டியிருந்தோம். எஞ்சினுக்குப் போகும் குழாயும், எஞ்சினிலிருந்து மிச்சம் திரும்பி வரும் குழாயும் அந்த கேனுக்கே. ஓட்டம் முடிந்ததும் நான் மட்டத்தைப் பார்த்துக் குறிக்கப் போனேன்.

"டீசலை அளக்காதேம்மா, நிறு" என்றார் சார். "வெயில்ல அது உப்பும். எடை மாறாது."

நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு பெரிய விஷயம்! காலையில் ஒரு மட்டம், மதியம் ஒரு மட்டம். தராசு மட்டும் மாறாமல் ஒரே பதிலைச் சொன்னது.

சமவெளியில் விற்பனைக்காரர் சொன்னதே ஜெயித்தது. பழைய ரேஷியோவே கொஞ்சம் சிக்கனம். அவர் ஷெட்டுக்கு வந்து எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் குவாரியில்! நாலு புள்ளி ஒன்று, பழையதைத் தாண்டிப் போனது. நாலு புள்ளி ஐந்து ஆறு அதையும் தாண்டும் போல இருந்தது. நான் சத்தியம் செய்யாமல் இருந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. மூன்றாவது கியரில் பாதி மிதியில் வண்டி ஏறியது. பெரிய டயரின் எடையையும் மலையையும் என் பெருக்கல் மறந்திருந்தது.

அந்தக் கடைசி ஜோடியை மாட்டிய சமயத்தில்தான் விபரீதம் நடக்க இருந்தது. எங்கள் மெக்கானிக் பாஷா பாய் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் கிரவுன் பினியனை மாற்றினார். இரண்டும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும், அதில் சமரசமே கிடையாது. முதல் நாள் குவாரியில் பின் சக்கர இழுவையில் மட்டும் ஓட்டினோம். எல்லாம் சுகம். மறுநாள் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் லீவரைப் போட்டுப் பார்க்க, ஷெட்டின் சிமென்ட் தரையில் மாரிமுத்து வண்டியை நகர்த்தினார். இருபதடி கூடப் போகவில்லை. நிறுத்திவிட்டார்.

"மேடம், வண்டி தன்னையே புடிச்சு இழுக்குதுங்க. முன்னாடி ஒண்ணு சொல்லுது, பின்னாடி ஒண்ணு சொல்லுது."

பாஷா பாய்க்குக் கோபம். "இன்னா சொல்றே நீ? முப்பது வர்சமா மாட்டிகினு கீறேன். டப்பா மேலயே நம்பர் கீது. வந்து பாத்துக்கோ!"

டப்பாவில் நாலு புள்ளி ஐந்து ஆறு என்றுதான் அச்சிட்டிருந்தது. நான் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். லீவரை எடுத்துவிட்டு, முதலில் பின்பக்கம். சக்கரம் இரண்டு சுற்று, ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குச் சற்று மேலே. சரி. பிறகு முன்பக்கம். பாஷா பாய் சக்கரத்தைச் சுற்ற, நான் அடியில் படுத்து ஷாஃப்டில் போட்ட சாக்பீஸ் கோட்டை எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அதற்கு மேல் ஒரு விரல் நகர்ந்து நின்றுவிட்டது.

"பாய், இன்னும் சுத்துங்க."

"ரெண்டு சுத்து ஆயிடுச்சும்மா!"

யாரோ அந்த டப்பாவில் நாலு புள்ளி ஒன்றை மாற்றி வைத்திருக்கிறார்கள். முன் சக்கரங்கள் ஒரு வேகத்தில், பின் சக்கரங்கள் வேறு வேகத்தில். சேற்றில் சக்கரம் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். காய்ந்த தார்ரோட்டில், மலை வளைவில், உள்ளே நோயாளியோடு இதைப் போட்டிருந்தால் ஸ்டியரிங் திரும்ப மறுத்திருக்கும், இல்லை கியர் பெட்டி உடைந்திருக்கும்.

பாஷா பாய் டப்பாவைப் பார்த்தார், மாரிமுத்துவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மாரிமுத்து தோளில் போட்டார். "அண்ணே, நீ கையால பாத்ததை நான் கண்ணால பாக்கல. மன்ச்சிக்கோ. வா, டீ சாப்புடலாம்." எங்கள் ஷெட்டில் இதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது.

சரியான ஜோடி மாட்டி, சோதனை முழுவதையும் திரும்பச் செய்தோம். ஆஸ்பத்திரிப் பாதையில் ஏற்றம் எவ்வளவு, சமதரை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் நாலு புள்ளி ஐந்து ஆறுக்கு லிட்டருக்கு ஒன்பது புள்ளி நாலு வர வேண்டும்.

அப்போது விற்பனைக்காரர் மறுபடி வந்தார். இம்முறை குரல் தேன். "எஸ்தர், ஒரு சின்ன விஷயம். புது ரேஷியோவில ஷாஃப்ட் அதிகம் சுத்துது. மீட்டர் இப்ப நூறுக்கு நூற்றுப் பத்து காட்டும், இல்லையா? அதை அப்படியே விட்டுடுங்க. லாக் புத்தகத்துல பத்துக்கு மேல வரும். நிர்வாகி குளிர்ந்திடுவார், டிரைவரும் தப்பிச்சிடுவார். எல்லாருக்கும் நல்லதுதானே?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் என் மனசும் ஆடியது, மறைக்க மாட்டேன். மாரிமுத்து தப்பித்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

வரதராஜன் சார் பின்னால் நின்றிருந்தார். "மீட்டர் தெரியாம பொய் சொல்லி ஒருத்தரைத் திருடன் ஆக்கிச்சு. இப்ப நாம தெரிஞ்சே அதைப் பொய் சொல்ல வைக்கணுமா? அடுத்து யார் தலையில விடியும்?" அவ்வளவுதான் சொன்னார். மீட்டரை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை மாற்றும்வரை வண்டி வெளியே போகக் கூடாது என்று கேட் பாஸைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பல்சக்கரம் கிடைக்க நாலு நாள் ஆனது. மாற்றியதும் வண்டலூரிலிருந்து கல் கல்லாக எண்ணிக்கொண்டு போனோம். மீட்டரும் கல்லும் ஒரே நேரத்தில் மாறின. நான் கை தட்டினேன். மாரிமுத்து முதல் தடவையாகச் சிரித்தார்.

கடைசி ஓட்டம் மலையில். "நீயே போ" என்றார் சார். "நான் வந்தா அவர் என்னைத்தான் கேட்பார். உனக்குத்தானே தெரியும்."

ஆஸ்பத்திரியில் போய் இறங்கியதும் ஒரு சிக்கல். எங்கள் தராசு வழியில் குலுங்கி முள் வளைந்துவிட்டது. டீசலை எதில் நிறுப்பது? கண்ணில் பட்டது பிரசவ வார்டில் இருந்த குழந்தை நிறுக்கும் தராசு. நர்ஸ் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழி மறித்தார். "டீசலையா? இதுலயா? நாளைக்கு எந்தக் குழந்தையைப் போட்டாலும் நாத்தம் அடிக்குமே!" தட்டில் நாலு அடுக்கு செய்தித்தாள் விரித்து, கேனை நான் துடைத்துத் துடைத்துக் காட்டியதும் விட்டார். பத்து கிராம் வரை துல்லியமான தராசு. எனக்கு அதைக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

ஆல்பர்ட் எடையைத் தானே குறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அடிவாரம் வரை இறங்கி, திரும்ப ஏற வேண்டும். எண்பத்தாறு கிலோமீட்டர். அவர் முன்னால், நான் பின்னால் கேன் பக்கத்தில். வழக்கமான எடைக்கு மருந்துப் பெட்டிகளை ஏற்றியிருந்தோம். ஏறும்போது மூன்றாவது வளைவு, ஐந்தாவது வளைவு என்று மாரிமுத்துவின் கை கியரின் மேலேயே இருந்தது, ஆனால் மாற்றவில்லை. செங்குத்தான எட்டாவது வளைவில் ஆல்பர்ட் முன்னால் குனிந்து பார்த்தார். மூன்றாவதிலேயே சத்தமில்லாமல் ஏறியது வண்டி. மாரிமுத்து கியரிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். பின்கண்ணாடியில் புகை இருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்தேன். வெறும் ரோடுதான் தெரிந்தது.

மறுபடி பிரசவ வார்டு. நர்ஸ் அக்காவே செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார், என்ன ஆகிறதென்று பார்க்க இன்னும் இரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஆல்பர்ட் முள்ளைப் பார்த்தார், கழித்தார், எடையை லிட்டராக மாற்றினார், வகுத்தார். இன்னொரு முறை வகுத்தார்.

"ஒன்பது புள்ளி நாலு."

"ஆமா சார்."

"பத்து வரலையே?"

"வராது சார். பெரிய டயர் கனம் அதிகம். கல்லுல இடிக்காம போகணும்னா அந்த மிச்சத்தைக் கொடுத்துத்தான் ஆகணும். அதை யாரும் எடுக்கல. டயர் எடுத்துக்குது."

அவர் நோட்டை மூடவில்லை. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வார்டில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. பிறகு வெளியே போனார். மாரிமுத்து வண்டியின் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

"மாரிமுத்து..." என்றார் ஆல்பர்ட். பதினெட்டு வருஷமாக 'டா' போட்ட வாய் அடுத்த வார்த்தைக்குத் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. "நீங்க என்னை மன்னிக்கணும். எல்லார் எதிர்லயும் சொன்னேன், அதனால எல்லார் எதிர்லயும் கேக்கறேன். நாளைக்குக் காலையிலேர்ந்து நீங்க வண்டி எடுங்க."

மாரிமுத்து பானெட்டை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"அது இருக்கட்டுங்க சார்" என்றார். "மத்த அஞ்சு வண்டியையும் முதல்ல தாம்பரத்துக்கு அனுப்புங்க. அந்தப் பசங்க இன்னும் திருடனுங்களாத்தான் ஓட்டிக்கிட்டிருக்கானுங்க."

அடுத்த திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஷெட்டுக்கு நடந்தபோது, முடிச்சூர் சாலையில் கேட்டுக்கு வெளியே ஐந்து ஃபோர்வீல்களும் வரிசையாக நின்றிருந்தன.